தொலைவிற் கொள்ளும் கலம்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் இளைஞர் இருவர் கூடி, வேற்று நாட்டுக் கடற்கரையொன்றில் விலைக்கு நிற்கும் பழைய எஞ்சின் படகை வாங்க எண்ணியுள்ளனர் என்றும், அதன்பொருட்டுச் சங்க நிதியிலிருந்து கடன் வேண்டுகின்றனர் என்றும் செயலாளர் கூறினார். ஆதலின் அதுபற்றியே இன்று சில சொல்ல விரும்புகின்றேன். இலக்கணம் கற்பிப்பவனுக்குப் படகைப்பற்றி என்ன தெரியும் என்று நீங்கள் வினவலாம். படகு தெரியாது, ஆயின் படகினால் வந்த துன்பமொன்று தெரியும். அதனைப் பின்னர்க் கூறுவேன்.

பொருநை கடலொடு கலக்கும் நாட்டிற் பிறந்த நமக்குக் கலமும் கடல்வாணிகமும் புதியன அல்ல. முத்துக்குப் பேர்பெற்ற கொற்கை, பாண்டியர் காலத்தில் நம் துறைமுகமாய் விளங்கிற்று. ஆற்று வண்டலால் கடல் விலகிப்போக, இன்று அது வயல் சூழ்ந்த சிற்றூராய் நிற்கின்றது. அப்பழைய தொழிலுக்குப் புத்துயிர் ஊட்ட முயன்றவர் ஒட்டப்பிடாரத்துத் தோன்றல் வ. உ. சிதம்பரம் பிள்ளை அவர்கள். கப்பலோட்டிய தமிழர் என்று அவரைப் போற்றுகின்றோம். கப்பல் வாங்கிய தமிழராக அவர் பட்ட பாட்டை நினைப்பவர் சிலரே.

1906ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவாயிற்று. மூலதனம் 10 இலட்சம் ரூபாய். பங்கொன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். மதுரைத் தமிழ்ச் சங்கம் நிறுவிய பாண்டித்துரைத் தேவர் அதற்குத் தலைவர். தொடக்கத்தில் கம்பெனிக்குச் சொந்தக் கப்பல் இல்லை. பம்பாய் ஷாலைன் கம்பெனியாரிடம் வாடகைக்குப் பெற்ற கப்பல்களே தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடின. எதிரியான பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியார் நெருக்கவே, வாடகைக்குக் கொடுத்தவர் கப்பலைத் திரும்பப் பெற்றுக்கொண்டனர். இலங்கையிலிருந்து வேறொரு கப்பலை வாடகைக்கு அமர்த்தி ஒருவாறு காலங்கழித்தனர். பிறர் கலம் பிறர் மனத்தைப் பொறுத்தது என்பதை வ.உ.சி. அன்று உணர்ந்தார்.

பின்னர் அவர் செய்தது யாது? தூத்துக்குடியில் அமர்ந்துகொண்டு கடிதம் எழுதிக்கொண்டிருந்தாரா? இல்லை. கப்பலோடு மீள்வேன், அன்றேல் கடலில் மாய்வேன் என்று சூளுரைத்துத் தாமே பம்பாய் சென்றார். வேதமூர்த்தி என்பவர் கடல்கடந்து பிரான்சு சென்றார். 1907இல் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் கம்பெனிக்கு உரியவாயின. பொருள் தொலைவில் இருந்தமையால் நம் கண்ணையும் தொலைவுக்கு அனுப்பினார்கள். இதுவே யான் இன்று சொல்ல வந்த பொருள்.

இனி என் பிழையைக் கூறுகின்றேன். சில ஆண்டுகளுக்கு முன் என் பழைய மாணவன் ஒருவன், கடற்கரையூரைச் சேர்ந்தவன், கைப்பேசியோடு என் வீட்டுத் திண்ணைக்கு வந்தான். தொலைவிலுள்ள ஒருவர் தம் பைபர் படகை எஞ்சினோடு விற்பதாக எழுதியிருந்தார்; படங்களும் அனுப்பியிருந்தார். "ஐயா, இந்த எழுத்தைப் பார்த்து ஆள் எப்படி என்று சொல்லுங்கள்" என்றான். யானும் படித்தேன். ஒற்றுப் பிழை ஒன்றேனும் இல்லை. பணிவும் இனிமையும் நிறைந்த நடை. "நல்ல மனிதராகத் தோன்றுகிறார், துணிந்து வாங்கு" என்றேன். அவன் தாயின் சங்கிலி அடகுக்குப் போயிற்று, பணமும் போயிற்று. லாரியில் வந்திறங்கிய படகின் அடிப்பாகத்தில் புதுச்சாயத்தின்கீழ்ப் பழைய வெடிப்பு இருந்தது. எஞ்சினில் பொறித்த எண் ஒன்று. தாளில் கண்ட எண் வேறொன்று. விற்றவர், படம் பார்த்துத்தானே வாங்கினீர் என்று கூறி வாய்மூடிக்கொண்டார். அச்சங்கிலி மீள மூன்றாண்டுகள் சென்றன. அவன் என்னை ஒரு சொல்லும் நோகவில்லை. அதுவே எனக்கு இன்றும் நோவாக இருக்கின்றது.

வள்ளுவர் தெரிந்துதெளிதல் என்னும் அதிகாரத்தை முன்வைத்துத் தெரிந்துவினையாடலைப் பின்வைத்தார். ஆராய்ந்து தெளிதல் முன். தொழிலை ஒப்புவித்தல் பின். இதனைப் பலமுறை வகுப்பிற் கற்பித்த யான், திண்ணையில் மறந்தேன்.

ஆகவே இவ்விளைஞர்க்குச் சில கூறுவேன். முன்பணம் அனுப்புமுன் ஆள் அனுப்புக. இருவர் செல்க; ஒருவர் எஞ்சின் அறிந்த மெக்கானிக்காக இருக்கட்டும். படகின் அடியை விரலாற் தட்டிப் பார்க்க. கணீரென்னாது மந்தமாய் ஒலிக்குமிடத்தில் உள்ளடுக்கு விட்டிருக்கக்கூடும். எஞ்சின் சூடேறுமுன் தாமே இயக்கிப் பார்க்க. கரையில் முழங்குவது போதாது, நீரில் இறக்கி ஓட்டிக் காண்க. எஞ்சின் எண், படகின் பதிவெண் இரண்டையும் தாளோடு ஒத்துப் பார்க்க. மீன்வளத் துறையிற் பதிவையும், வங்கிக்கடன் உண்டா என்பதையும் கேட்டறிக. 1930ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டம் வாங்குவோனுக்குச் சில காப்புகள் தருகின்றது. ஆயினும் பொருளின் தரத்தை ஆராயும் பொறுப்பைப் பெரும்பாலும் அவன் தலையிலேயே வைக்கின்றது. தொலைவூரில் வழக்காடும் செலவை எண்ணினால், போய்ப் பார்க்கும் வண்டிச்சத்தம் அற்பமே.

இன்னுமொன்று. வாங்குதலோடு காரியம் முடிவதில்லை. வ.உ.சி.யின் கப்பல்கள் வந்தபின் எதிரிகள் கட்டணத்தைக் குறைத்தனர். இலவசமாக ஏற்றிக் குடையும் கொடுக்க முன்வந்தனர் என்பர். 1908இல் அவர் சிறை புக, 1911இல் கம்பெனியும் கலைந்தது. கலம் நன்றாயினும் அதனை ஓட்டக் கைப்பொருள் வேண்டும். கையிலுள்ளது முழுவதையும் விலையாகக் கொடுத்துவிட்டு எரியெண்ணெய்க்குக் கடன் கேட்பவன் கரையிலேயே நிற்பான்.

சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். கடன் தருமுன், பார்த்துவரும் இருவரின் பயணச் செலவைச் சங்கமே ஏற்கட்டும். படகு தக்கதன்று என்று அவர் திரும்பினால் அச்செலவை இழப்பென்று கருதவேண்டா. ஒரு தாயின் சங்கிலி காப்பாற்றப்பட்டது என்று கருதுக. முதற்பயணத்துக்கு என் பங்காக ஆயிரம் ரூபாயை இன்றே செயலாளரிடம் கொடுக்கின்றேன். எழுத்தை மட்டும் பார்த்து ஆளை மதித்தவனின் சிறு கழுவாய் அது.

இளைஞர் நற்கலம் கொண்டு நலமே கரைசேர்க என வாழ்த்தி அமைகின்றேன்.