மூட்டைப்பூச்சிக்கு விஷம் வேண்டாம், வெந்நீர் போதும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஒரு குழு ஊக்குநர் பேசியது)



சேமிப்பு, கடன் பற்றி எல்லாரும் நல்லாப் பேசிட்டீங்க. நான் பேச வந்தது மூட்டைப்பூச்சி பற்றி. சிரிக்காதீங்க. சிரிக்கிறவங்க வீட்டிலயும் இருக்கலாம்.

எங்கள் குழுவில் ஓர் அக்கா நாலு கூட்டத்துக்கு வரவில்லை. வீட்டுக்குப் போய்க் கேட்டேன். "என் பக்கத்துல உட்காரவே எல்லாரும் யோசிக்கிறாங்கம்மா" என்றார். விடுதியிலிருந்து மகள் கொண்டு வந்த பெட்டியோடு பூச்சியும் வந்திருக்கிறது. ராத்திரித் தூக்கம் போச்சு. கட்டிலுக்கு அடிக்க, வயலுக்கு அடிக்கிற மருந்தை வீட்டுக்காரர் வாங்கி வைத்திருந்தார். எனக்கு அதுதான் பகீரென்றது. பிள்ளைகள் படுக்கிற இடம். அந்த மருந்து மூச்சிலும் தோலிலும் ஏறினால் உயிருக்கே ஆபத்து. மண்ணெண்ணெய் ஊற்றினாலோ தீப்பிடிக்கும்.

அக்கா, மூட்டைப்பூச்சி அழுக்கால் வருவதில்லை. பையில், பெட்டியில், பழைய கட்டிலில் ஏறி வரும். குடிசை, மாடி வீடு என்று பார்க்காது. வெட்கப்பட ஒன்றுமில்லை. மறைத்தால்தான் பக்கத்து வீட்டுக்கும் பரவும்.

அதைக் கொல்ல நல்ல சூடு போதும். 50 டிகிரிக்கு மேல் சூடு உள்ளே வரை ஏறி, கொஞ்ச நேரம் நின்றால் பூச்சியும் சாகும், முட்டையும் சாகும். நாங்கள் நாலு பேர் சேர்ந்து செய்ததைச் சொல்கிறேன்.

போர்வை, தலையணை உறை, ஜமுக்காளம் எல்லாவற்றையும் கட்டில் பக்கத்திலேயே பாலிதீன் பையில் போட்டு வாயைக் கட்டினோம். உதறிக்கொண்டு போனால் வழியெல்லாம் பூச்சி விழும். முற்றத்தில் அண்டாவில் தண்ணீரைக் கொதிக்க வைத்துத் துணிகளை முழுக அமுக்கினோம். துணி போட்டதும் சூடு இறங்கிவிடும். அதனால் அடுப்பை அணைக்காமல், மூடி போட்டு அரை மணி நேரம் விட்டோம். பட்டு, கம்பளி இதில் போடாதீங்க. சாயம் போகிற துணியைத் தனியாகப் போடுங்க.

கயிற்றுக் கட்டிலை வெளியே எடுத்து, மூலை இடுக்கிலும் கயிற்று முடிச்சிலும் கொதிக்கிற தண்ணீரை மெதுவாக ஊற்றினோம். குழந்தைகளைக் கிட்டே விடவில்லை.

மெத்தையை வெயிலில் போட்டால் போதாதா என்று கேட்பீங்க. போதாது. மேல்பக்கம் சுட்டதும் பூச்சி அடிப்பக்கத்து நிழலுக்கு ஓடிவிடும். நடுப்பஞ்சு வரை சூடும் ஏறாது. அதனால் மெத்தையின் தையல் ஓரமெல்லாம் துணி கருகாத சூட்டில் இஸ்திரிப் பெட்டியை மெதுவாக நகர்த்தினோம். பிறகு நெருக்கமான நெசவுத் துணியில் முழு உறை தைத்து, ஜிப் போட்டு மூடினோம். அந்த உறையை ஒரு வருஷம் கழற்றக் கூடாது. மூட்டைப்பூச்சி ரத்தம் குடிக்காமலே பல மாதம் உயிரோடு கிடக்கும்.

ஒரு தடவையோடு விடக் கூடாது. இடுக்கில் தப்பிய முட்டை ஒரு வாரம், பத்து நாளில் பொரிக்கும். அதனால் பத்தாம் நாள் மறுபடி செய்தோம். அதற்குப் பத்து நாள் கழித்து இன்னொரு தடவை. மூன்றாம் தடவைக்குப் பிறகு கடி நின்றது. மருந்து டப்பா பிரிக்காமலே கடைக்குத் திரும்பிப் போனது. அந்த அக்கா இப்போது கூட்டத்துக்கு வருகிறார். போன மாதம் பிரதிநிதியாகவும் ஆகிவிட்டார்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். சுவர் ஒட்டிய வீடுகள் எல்லாம் ஒரே நாளில் இதைச் செய்யணும். ஒரு வீடு விட்டுப்போனாலும் அங்கிருந்து திரும்ப வரும். அண்டாவும் விறகும் பொதுவாக வைத்துக்கொள்ளலாம். உறை தைக்க நம்ம தையல் குழு இருக்கு. அடுத்த கூட்டத்தில் வரவு செலவு முடிந்ததும், "யார் வீட்டில பூச்சி இருக்கு?" என்று ஊக்குநரே கேளுங்க. முதல் கையை நீங்களே தூக்கினாலும் தப்பில்லை.