உளியும் மங்கும் எங்கே? – செமோரில் ஆற்றிய உரை



கோலகங்சார் போனால் ஒரு கித்தா மரத்தைக் காட்டுவார்கள். 1877இல் நட்டது. வேலி போட்டுக் காக்கிறார்கள். நல்லது. அதன் வாரிசு மரங்களை விடியற்காலையில் சீவியவர்கள் யார்? பத்து காஜாவில் கெல்லி கோட்டைக்குச் சீட்டு வாங்கிப் போகிறோம். பக்கத்தில் தொழிலாளர்களுக்காக எழுந்த மாரியம்மன் கோயில். அதன் மேல் துரைக்குக்கூடச் சிலை உண்டு. கல் சுமந்தவர்களின் பெயர்கள் எங்கே?

தைப்பிங் அருங்காட்சியகம் 1883இல் தொடங்கியது. அதன் கதவைத் தட்டத்தான் வேண்டும். ஆனால் கொடுக்க நம் கையில் என்ன இருக்கிறது? தோட்டங்கள் வீடமைப்பாக மாறியபோது உளி, மங்கு, காண்டாக் கம்பு எல்லாம் பழைய இரும்புக்காரரிடம் போயின. என் அம்மாவின் பால் வாளியை நானே போட்டேன், மூன்று வெள்ளிக்கு.

செமோரில் இன்னும் சில வீடுகளின் பின்புறம் உளி தொங்குகிறது. வரும் திருவிழாவில் கோயில் மண்டபத்தில் ஒரு மேசை போடுங்கள். யார் பயன்படுத்தியது, எந்தத் தோட்டம், எந்த நிரை என்று கேட்டு எழுதிப் பொருளோடு வையுங்கள். பாட்டிமார் பேசினால் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். அதற்கு நேரம் வேண்டுமென்றால் மேடைப் பேச்சைக் குறைத்துக்கொள்ளலாம், என்னுடையதையும் சேர்த்து.