பாலா தேவியின் பந்து

 

கால்பந்து ஆண்பிள்ளைகள் ஆட்டம் என்பார்கள். பாலா தேவியின் கதையைக் கேளுங்கள்.

மணிப்பூர் மாநிலத்தில் ஒரு கிராமம். அங்கே 1990-இல் பிறந்தார் பாலா. சிறுவயதில் பையன்களோடு பந்து ஆடினார். வளர்ந்து இந்திய அணியில் சேர்ந்தார். முன்வரிசையில் நின்று கோல் போடுவது அவர் பங்கு. ஆட்டத்தால் மணிப்பூர் போலீசில் வேலையும் கிடைத்தது.

2020 ஜனவரியில் ஸ்காட்லாந்து நாட்டின் ரேஞ்சர்ஸ் கிளப் அவரை எடுத்துக்கொண்டது. பந்து ஆடுவதுதான் வேலை. அதற்குச் சம்பளம். இந்தியப் பெண் ஒருவர் இப்படி வெளிநாடு போனது அதுவே முதல் முறை. அப்போது அவருக்கு முப்பது வயது ஆகப் போகிறது.

போன சில வாரங்களில் கொரோனா வந்தது. ஆட்டங்கள் நின்றன. பாலா மனம் தளரவில்லை. டிசம்பரில் மதர்வெல் அணியோடு ஆட்டம். மாற்று ஆட்டக்காரராகக் களம் இறங்கினார். அங்கே தம் முதல் கோலைப் போட்டார்!

பிறகு முழங்காலில் அடிபட்டது. நெடுநாள் ஆட முடியவில்லை. நாடு திரும்பினார். ஆட்டம் முடிந்தது என்று உட்காரவில்லை. 2024-இல், 34 வயதில், மீண்டும் இந்திய அணிக்கு ஆடினார்.

உங்கள் மகளும் பந்து கேட்பாள். வாங்கிக் கொடுங்கள். ஆட விடுங்கள்.