ஆயா சிரிச்ச சீன்

இன்னைக்கு எபிசோட் முழுக்க ஸ்பூஃப், பாட்டு பேரடி, கூடவே கொஞ்சம் டார்க் காமெடி. எனக்கு ரொம்பப் பிடிச்ச ஏரியா, அதனால கொஞ்சம் ஓவரா பேசிடுவேன். பொறுத்துக்கோங்க.

எனக்குச் சொந்த ஊர் தர்மபுரி மாவட்டம், பென்னாகரம் பக்கம் ஒரு கிராமம். ஸ்கூல் படிக்கும்போது ரிமோட் யார் கையில இருந்தாலும் சரி, விஜய் டி.வி.யில 'லொள்ளு சபா' போடுற நேரத்துல அது என் கைக்கு வந்துடும். ராம்பாலா டைரக்‌ஷன். சந்தானம், சாமிநாதன், மனோகர், ஜீவான்னு ஒரு கேங். செட்டு பார்த்தா பரிதாபமா இருக்கும். ஆனா தியேட்டர்ல நாம விசிலடிச்ச அதே சீனை அப்படியே திரும்ப நடிச்சு, "இதுக்கா விசிலடிச்ச?"ன்னு நம்மளையே கேக்க வச்சிடுவாங்க.

எங்க ஊர்ல இதுக்கு முன்னோடி ஒருத்தர் இருந்தார். தெருக்கூத்துல வர்ற கட்டியங்காரன். திரௌபதி அம்மன் கோயில்ல பாரதக் கூத்து விடிய விடிய நடக்கும். இவர் நடுவுல வந்து சினிமாப் பாட்டு மெட்டுல ஊர் நியாயத்தைப் பாடுவார். கிரீடம் வச்ச துரியோதனனையே நிக்க வச்சு கலாய்ப்பார். துகிலுரிதல் ராத்திரி, பொம்பளைங்க எல்லாம் கண்ணைத் துடைச்சிட்டு இருப்பாங்க. அன்னைக்கும் இவர் சிரிக்க வைப்பார். அழுகையும் சிரிப்பும் ஒரே பாயில உக்காந்திருக்கிறதை நான் முதல்ல பார்த்தது அங்கதான்.

சரி, மெயின் மேட்டருக்கு வரேன். 2010 ஜனவரியில 'தமிழ்ப்படம்' வந்துச்சு. சி.எஸ். அமுதன் இயக்கம், ஹீரோ சிவா. அதுல 'ஓ மஹசீயா'ன்னு ஒரு டூயட். நம்ம சினிமாப் பாட்டுகள்ல அங்கங்க அர்த்தமே இல்லாம வர்ற சத்தங்களை மட்டும் பொறுக்கி எடுத்து, ஒரு முழுப் பாட்டா கோத்திருப்பாங்க. கண்ணன் இசை. ஹரிஹரன் அதை ஒரு உண்மையான காதல் பாட்டைப் பாடுற மாதிரி உருகிப் பாடியிருப்பார். பாடுறவர் லேசா சிரிச்சிருந்தாலும் அந்த ஜோக் செத்திருக்கும். மெட்டு, குரல், ஃபாரின் லொக்கேஷன் ஃபீல், எல்லாம் சீரியஸ். வார்த்தை மட்டும் காலி. பேரடியோட சூத்திரமே இவ்வளவுதான்: எல்லாத்தையும் அப்படியே வச்சுக்கோ, ஒண்ணே ஒண்ணை மாத்து.

இதே சூத்திரத்தைத்தான் படத்தோட ஆரம்பத்துலயும் போட்டிருப்பாங்க. சினிமாப்பட்டின்னு ஒரு கிராமம். அங்க ஆம்பளப் பிள்ளை பொறந்தா உயிரோட விட மாட்டாங்க. ஏன்னா வளர்ந்தா சென்னைக்குப் போய் ஹீரோ ஆகிடுவான்! ஒரு குழந்தை மட்டும் தன் பாட்டிகிட்ட பேசித் தப்பிக்குது. பரவை முனியம்மாதான் பாட்டி, குழந்தையைத் தூக்கிட்டு சென்னைக்குக் கிளம்பிடுவாங்க. பாரதிராஜா 1994-ல பெண் சிசுக்கொலையைப் பத்தி எடுத்த 'கருத்தம்மா'தான் இங்க குறி. "பொண்ணு"ங்கிற இடத்துல "பையன்"னு மாத்திட்டாங்க, அவ்வளவுதான்.

இதை டி.வி.யில போட்டப்போ நானும் ஆயாவும் பார்த்தோம். எங்க பக்கம் பாட்டியை ஆயான்னுதான் கூப்பிடுவோம். ஆயாவுக்குச் சிரிப்பு தாங்கல. "ஆம்பளப் புள்ளையவா? ஆம்பளப் புள்ளையப் போயா!"ன்னு சொல்லிச் சொல்லி சிரிச்சாங்க, கண்ணுல தண்ணி வர்ற அளவுக்கு. அப்புறம் முந்தானையால முகத்தைத் துடைச்சிட்டு, டி.வி.யைப் பார்த்துக்கிட்டே சொன்னாங்க: "நீ பொறந்தப்பவும் சொன்னாளுங்க கண்ணு. நான்தான் தூக்கிட்டு வந்துட்டேன்."

நான் வீட்டுல ரெண்டாவது பொண்ணு. யார் சொன்னாங்க, என்ன சொன்னாங்கன்னு நான் கேக்கல. ஆயாவும் அதுக்கு மேல சொல்லல. படம் ஓடிட்டே இருந்துச்சு.

தர்மபுரி வெளியூர்க்காரங்களுக்கு எப்படித் தெரியும்னு உங்களுக்கும் தெரியும். 1992-ல சேலத்துல ஆரம்பிச்ச தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001-ல எங்க மாவட்டத்துக்கும் கொண்டு வந்தாங்க. வேணாம்னு நினைக்கிற குழந்தையைக் கொல்லாம, அரசாங்கத் தொட்டில்ல போட்டுட்டுப் போங்கன்னு கெஞ்ச வேண்டியிருந்துச்சு. அதே 2001 சென்சஸ்ல, ஆறு வயசுக்குள்ள 1,000 பையன்களுக்கு 826 பொண்ணுங்கதான். 2011-ல அது 900-ஐத் தாண்டிடுச்சு. ஸ்கூல்ல இதைப் பத்தி கட்டுரைப் போட்டி, ஊர்வலம், நாடகம் எல்லாம் நடந்துச்சு. ஆயா எல்லாத்துக்கும் வந்து கைதட்டிட்டுப் போனாங்க. வாயைத் திறந்ததே இல்ல. ஒரு ஸ்பூஃப் படத்தோட முதல் சீன் திறக்க வச்சுது.

ஏன்னு நான் நிறைய யோசிச்சிருக்கேன். பொண்ணைக் கொல்றாங்கன்னு சொன்னா, ஆயா தலைமுறைக்கு அது துக்கம்தான், ஆனா கேட்டுப் பழகின துக்கம். பையனைன்னு மாத்தினதும்தான் "இது என்னடா பைத்தியக்காரத்தனம்!"னு சிரிப்பு வந்துச்சு. சிரிச்சு முடிச்ச உடனே தெரிஞ்சிருக்கும், பைத்தியக்காரத்தனம் எப்பவுமே அங்கதான் இருந்துச்சுன்னு.

அதனாலதான் டார்க் காமெடின்னு எதைப் போட்டாலும் நான் சிரிச்சிட மாட்டேன். ரெண்டு பொண்ணு பெத்த அப்பா, தலையில துண்டைப் போட்டுக்கிட்டு சோகப் பாட்டு மெட்டுல நகைக்கடை பில்லைப் பாடுற மாதிரி ரீல்ஸ் என் ஃபோனுக்கும் வருது. மெட்டு கரெக்டா உக்காந்திருக்கும், டைமிங்கும் இருக்கும். ஆனா அதுல எதையும் மாத்தலையே? ஊர் ஏற்கெனவே சொல்றதை ராகம் போட்டுச் சொல்றாங்க, அவ்வளவுதான். கட்டியங்காரன் கிரீடம் வச்சவனைத்தான் கலாய்ச்சார். திரௌபதியைக் கலாய்ச்சிருந்தா எங்க ஊர் பொம்பளைங்க அன்னைக்கே பாயைச் சுருட்டிட்டுப் போயிருப்பாங்க.

இந்த வாரம் உங்களுக்கு ஒரு ஹோம்வொர்க். 'தமிழ்ப்படம்' ஆரம்பத்தை மட்டும் உங்க வீட்டுப் பெரியவங்களோட உக்காந்து பாருங்க. ஸ்கிரீனைப் பார்க்காதீங்க, அவங்க முகத்தைப் பாருங்க. எங்க சிரிக்கிறாங்க, எங்க சட்டுன்னு நிறுத்துறாங்கன்னு கவனிங்க. நிறுத்தினா அவசரப்பட்டு எதுவும் கேக்காதீங்க, கொஞ்ச நேரம் பக்கத்துலயே இருங்க.

அடுத்த எபிசோட்ல பார்க்கலாம். டாட்டா!