அக்காவின் மாத்திரை

45 வயதை ஒட்டி சில பெண்களுக்கு நடுராத்திரியில் உடம்பு கொதிக்கும், வேர்த்துக் கொட்டும். மாதவிலக்கு தள்ளிப் போகும், இல்லையென்றால் முந்திக்கொள்ளும். தூக்கம் கெட்டு எரிச்சல் வரும். வீட்டில் என்ன சொல்வார்கள்? "அம்மாவுக்கு இப்பல்லாம் கோபம் ஜாஸ்தி!"

அது மாதவிலக்கு நிற்பதற்கு முன், ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் ஏறி இறங்குகிற காலம். இதற்கு ஹார்மோன் சிகிச்சை உண்டு. 2002-ல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு மார்பகப் புற்றுநோய் பயத்தைக் கிளப்ப, பலரும் மருந்தை நிறுத்திவிட்டார்கள். ஆனால் அதில் கலந்துகொண்டவர்களின் சராசரி வயது 63! 60 வயதுக்குள் தொடங்கினால், தகுந்தவர்களுக்கு நன்மையே அதிகம் என்கிறார்கள் இப்போது.

கர்ப்பப்பை இருப்பவர்கள் ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்டிரோனும் எடுக்க வேண்டும். இல்லையென்றால் கர்ப்பப்பையின் உட்சுவர் தடித்து, புற்றுநோய் வரை போகலாம். ரத்தம் உறையும் அபாயம் மாத்திரையைவிடத் தோலில் ஒட்டும் பட்டையில் குறைவு. மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்குப் பொதுவாக இந்தச் சிகிச்சை தருவதில்லை.

முதலில் எழுதிய அளவே பொருந்திவிடும் என்றும் இல்லை. மூன்று மாதம் பார்த்துக் கூட்டுவார்கள், குறைப்பார்கள், மாற்றுவார்கள்.

"பக்கத்து வீட்டு அக்கா சாப்பிடற மாத்திரையையே எனக்கும் எழுதிடுங்க டாக்டர்" என்றாராம் ஒரு அம்மா.

டாக்டர் கேட்டாராம்: "அவங்க மூக்குக் கண்ணாடியையும் வாங்கிப் போட்டுக்குவீங்களா?"