இருமலுக்குப் பின்னால்



திருப்பூரில் ஒருவர் இருமினால், "பஞ்சுத் தூசிதான்" என்று அண்டை வீட்டார் முடிவு கூறிவிடுவர். பெருந்துறைக் காசநோய்ச் சானடோரியத்தை அறிந்த முதியோரோ காசமென்று அஞ்சுவர். நூற்பாலையும் பனியன் கம்பெனியும் நிறைந்த ஊரில் இவ்வெண்ணங்கள் இயல்பே. ஆயினும், இருமுபவர் புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவராயின் ஊகம் உதவாது.

காரணம் கேளுங்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் அமெரிக்காவில் நடத்திய ஆய்வுக்கூடத்தில் அமினோப்டெரின் என்னும் மருந்து பிறந்தது. அதனால் இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகள் சிலர் தற்காலிக நலம் பெற்றதை 1948-இல் சிட்னி ஃபார்பர் வெளியிட்டார். அம்மருந்தின் இனமான மெதோட்ரெக்ஸேட் இன்றும் வழங்குகிறது. இத்தகைய மருந்துகள் விரைந்து பெருகும் உயிரணுக்களைத் தாக்குவன. ஆதலின் புற்றணுக்களுடன், நோயை எதிர்க்கும் வெள்ளையணுக்களும் குறைகின்றன.

சீழ் உண்டாவது பெரும்பாலும் அவ்வெள்ளையணுக்களால்தான். அவை குறைந்தால், நுரையீரலில் கிருமி புகுந்தும் சளி மிகாது. எக்ஸ்ரே படமும் தெளிவாகவே தோன்றலாம். காய்ச்சல் ஒன்றே அறிகுறியாக நிற்கும்.

உள்ளே இருப்பது எது? காற்றில் மிதந்துவரும் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சையா? நலமுள்ளோரை வருத்தாத நியூமோசிஸ்டிஸா? பழைய காசமா? அன்றி, மெதோட்ரெக்ஸேட்டே விளைத்த அழற்சியா? ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு, பூஞ்சைக்குத் துணையாகிவிடவும் கூடும்.

எனவே மருத்துவர் முதலில் பொதுவான கிருமிகளுக்கு உடனே மருந்து செலுத்துகிறார். உடன் தேடலும் தொடங்குகிறார். சி.டி. படம் எடுக்கிறார். ஜப்பானியர் ஷிகெட்டோ இக்கேடா 1960-களில் உருவாக்கிய வளையும் குழாயை மூச்சுக்குழலுள் செலுத்தி, உப்புநீரால் நுரையீரலின் ஒரு பகுதியைக் கழுவி, அந்நீரைச் சோதிக்கிறார். காசக் கிருமியை வளர்த்துக் காண வாரங்கள் ஆகும். மரபணுச் சோதனையோ ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் விடை தரும்.

இவ்வளவு கருவிகள் இருந்தும், நோயாளி காலத்தே வராவிடில் பயன் என்ன? ஆலைக்குச் செல்லும் பெற்றோருக்கு மருந்துச் சீட்டைப் படித்துச் சொல்பவர்கள் நீங்களே அன்றோ? சிகிச்சையிலிருப்பவருக்குக் காய்ச்சல் 100.4 டிகிரி பாரன்ஹீட்டை எட்டினால், கடை மாத்திரையால் அதை மறைக்க விடாதீர்கள். விடியட்டும் என்றும் காத்திராதீர்கள். அந்நேரமே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அவர் செய்த தொழில், முன்பு கண்ட காசம், உண்ணும் மருந்துகள் ஆகிய மூன்றையும் மருத்துவரிடம் மறைக்காமல் கூறுங்கள். நோயை அறியும் பணி அங்கேதான் தொடங்குகிறது.