கடல் கடந்த நிலையமும் ஆட்சிக்குழுவும்

இத்தாலியில் பிளாரன்ஸ் நகரை அடுத்த குன்றுச் சரிவில் 'வில்லா இ தாத்தி' என்னும் மாளிகை உள்ளது. 1959-ல் காலமான கலை ஆராய்ச்சியாளர் பெர்னார்டு பெரன்சன், தம் நூலகத்தோடும் ஓவியங்களோடும் அதனைத் தாம் பயின்ற ஹார்வர்டு பல்கலைக்கழகத்திற்கு விட்டுச் சென்றார். 1961-ல் அது மறுமலர்ச்சிக்கால ஆராய்ச்சி நிலையமாயிற்று.

உடைமையாளர் அமெரிக்காவிலுள்ள ஹார்வர்டு ஆட்சிக்குழுவினர். எழுவராயிருந்த அக்குழு, 2010-ல் எடுத்த முடிவின்படி பதின்மூவராக விரிவுற்றது. அங்கிருக்கும் அவர்களுக்கு, இங்கே கூரை ஒழுகுவதும் ஒலிவ மரம் பட்டுப்போவதும் கண்ணுக்கு எட்டா. ஆதலின் இயக்குநர் ஒருவர் நிலையத்திலிருந்தே நிருவாகம் நடத்துகிறார்.

தொலைவிலிருந்து ஆள்வோர்க்குக் கடமைகள் இரண்டு: செலவுக்குக் கணக்குக் கேட்பது ஒன்று, ஆராய்ச்சியாளர் இன்னது எழுதுக என்று கட்டளையிடாதிருப்பது மற்றொன்று. ஊரில் வீட்டைப் பிறர் பொறுப்பில் விட்டுவந்த நாம் முன்னதை நன்கறிவோம். பின்னதையும் கற்றல் நலம்.